மணியை இழுத்தால் பாங்கு கேட்ட ஊர்

ஓங்கல்பட்டினத்தில் அடித்த அந்த ஐப்பசிப் புயல் கூரைகளைக் கொண்டுபோனது, தென்னைகளைக் கொண்டுபோனது, சுங்கச்சாவடிக் கொடிமரத்தைப் பிடுங்கி உப்பளத்தில் நட்டுவிட்டுப் போனது, அதோடு விட்டிருந்தால் மற்ற ஊர்களைப் போல இவர்களும் அழுது தீர்த்துக் கூரை வேய்ந்திருப்பார்கள், ஆனால் போகிற போக்கில் அது ஊரின் மூன்று சத்தங்களையும் இடம் மாற்றிவிட்டுப் போய்விட்டது. மறுநாள் விடியுமுன் தொம்மை கோயில்பிள்ளை வழக்கம்போல மாதா கோயில் மணிக்கயிற்றை இழுத்தார்; மணி ஆடியது, சத்தம் வரவில்லை, ஊரின் மறுகோடியில் பள்ளிவாசல் மினாராவிலிருந்து பாங்கு எழுந்தது. மினாரா மேலே தொண்டையைச் செருமிக்கொண்டு நின்ற மோதினார் சீனி அகமது, நான் இன்னும் வாயே திறக்கவில்லையே, என் குரல் எப்படிப் போனது என்று திகைத்து, இருந்தாலும் கடமை கடமைதான் என்று இரண்டு காதிலும் விரலை வைத்துப் பாங்கு சொன்னார்; சொன்னது அத்தனையும் ஈசுவரன் கோயிலில் சங்காக முழங்கியது. அங்கே பண்டாரம் பிச்சாண்டி, கால்மாட்டில் கிடந்த சங்கு தானாக ஊதுவதைப் பார்த்து, சிவசிவா என்று அதை எடுத்து வாயில் வைத்து ஊத, உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் மணல்மேட்டில் மாதா கோயில் மணி, ஒரு இம்மி ஆடாமல், கணகணவென்று அடித்தது. அப்புறம் மூன்று பேரும் அவரவர் இடத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். வேறென்ன செய்ய முடியும், சொல்லுங்கள் பார்ப்போம்.

அப்போது ஊரில் ஒரு துரைசானி இருந்தாள். பெயர் ஐலி. வெள்ளைத்தோல் என்றதும் எல்லாரும் அவளை இங்கிலீஷ்காரி என்றே நினைத்தார்கள். அவளும் ஒவ்வொரு தடவையும், தன் நாடு பின்லாந்து, அது வடக்கே எங்கேயோ ஏரியும் காடுமாகக் கிடக்கிறது, ஆங்கிலேயருக்கும் தனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று மூச்சுவாங்க விளக்கிப் பார்த்து, கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிட்டாள். கொழும்பில் ஒரு பண்டிதரிடம் தமிழ் படித்திருந்ததால் சாளை மீனுக்கு விலை கேட்டாலும் மேடைப் பிரசங்கம் மாதிரி கேட்பாள், மீன்காரிகள் அதைக் கேட்பதற்காகவே கூடையை இறக்கி வைப்பார்கள். கிழக்குத் தேசத்து மக்களைப் பற்றி ஒரு தடிப் புத்தகம் எழுதித் தருவதாகத் தன் நாட்டில் ஒரு பதிப்பாளருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். ஒரு சனத்துக்கு ஓர் அத்தியாயம் என்று கணக்கு. மணல்மேட்டில், மாதா கோயிலுக்குப் பின்னால், உபதேசியார் குடியிருந்து காலியான ஓர் அறையில்தான் தங்கியிருந்தாள்.

அவளுக்கு ஊர் பிடித்துப்போயிருந்தது, அதைச் சொல்லியே ஆகவேண்டும். அவள் பிறந்த கிராமத்தில் எல்லாருக்கும் ஒரே கோயில், ஒரே நிறத் தலைமுடி, ஒரே புளித்த ரொட்டி. இங்கே மரைக்காயர் தெருவில் நுழைந்தால் அத்தரும் நெய்ச்சோறும் மணக்கும், பரதவர் தெருவில் கருவாடும் மெழுகுவத்தியும் மணக்கும், செட்டித் தெருவில் சாம்பிராணி, கடைத்தெரு மூலையில் பினாங்கிலிருந்து வந்து பல் கட்டுகிற சீனாக்காரன், அவனைக் கட்டிக்கொண்டு அவனை அதட்டுகிற தூத்துக்குடிப் பெண், ரங்கூனிலிருந்து ஒரு செட்டியார் கூட்டிவந்த பர்மாக்காரி, அவள் தலையில் எப்போதும் ஒரு பூ. இத்தனை பேர் இத்தனூண்டு ஊரில் எப்படி முட்டிக்கொள்ளாமல் நடக்கிறார்கள் என்று ஐலிக்கு முதலில் ஆச்சரியம், பிறகு ஆசை, பிறகு எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்து வைக்கவேண்டும் என்கிற வெறி. ஊரின் வரைபடம் ஒன்று போட்டு மரைக்காயர் தெருவுக்குப் பச்சை, பரதவர் தெருவுக்கு நீலம், செட்டித் தெருவுக்குச் சிவப்பு என்று வண்ணம் தீட்டி அறைச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஆண் பயணிகள் யாரும் தாண்டாத நடைகளைத் தாண்டி அடுப்படிவரை போகிற வசதி பெண் என்பதால் அவளுக்குக் கிடைத்தது, போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டாள்: தாங்கள் எந்தக் குலத்தவர், எந்த மதத்தவர்?

அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்ட ஒரே ஆள் சுலைஹா. மீராக்கண்ணுத் தண்டலின் பெஞ்சாதி அவள். தண்டல் என்றால் தோணியை ஓட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்வருகிற தலைவன். புருஷன் பாதி நாள் கடலில் இருப்பதால் வீட்டை ஆண்டு பழகிய வாய் சுலைஹாவுக்கு.

"எங்களையெல்லாம் சலிச்சு எடுக்கிறியே ராத்தா, நீ யாரு? உங்க தெருவு எது?" என்று இடியாப்பம் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"நான் எதையும் சாராதவள். நான் பார்ப்பவள்" என்றாள் ஐலி.

"அட, பாக்குறதும் ஒரு சாதியா? அதுல பொண்ணு குடுப்பாகளா, எடுப்பாகளா?" என்று சுலைஹா சிரித்த சிரிப்பில் சுளகில் இருந்த மாவு பறந்தது. ஐலியும் சிரித்தாள், ஆனால் அன்றைக்கு அறைக்குத் திரும்பியவள் வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை.

புயலுக்குப் பிறகு உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் மூன்று தெருவும் கூடிப் பேசியது. முறுக்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். எங்க பாங்கு ஒரு பரதவன் கயித்துல தொங்கணுமா என்று ஒருத்தன் குதித்தான், எங்க பூசைச் சத்தம் மோதினார் வாயிலயா என்று இன்னொருத்தன், பண்டாரம் ஊதினாத்தான் எங்களுக்குப் பூசை மணியா என்று மற்றொருத்தன். எல்லாரும் கத்தி முடித்து வயிறு பசிக்கிற நேரத்தில் பள்ளிவாசல் லெப்பை எழுந்து, "தொம்மை மணியத்தான அடிக்காரு. பாங்க அனுப்புறவன் அல்லா. அனுப்புறவனுக்கும் கேக்குறவனுக்கும் இல்லாத வழக்கு நமக்கு எதுக்குப்பா?" என்றார். பசி மிகுந்திருந்ததால் அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது, கலைந்து போனார்கள்.

அதற்கப்புறம் ஊர் அந்த அதிசயத்தோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டது. தொம்மை ஐந்து வேளைத் தொழுகைக்கும் கயிறு இழுக்க வேண்டியிருந்ததால், நாளுக்கு மூன்று வேளை செபம் சொல்லி வந்தவர் ஐந்து வேளை செபம் சொல்லலானார், மாதா மேல் அவருக்குப் பக்தி கூடிப்போய்விட்டது என்று அவர் மனைவி தெருவெல்லாம் பெருமை அடித்துக்கொண்டாள். சீனி அகமது பாங்கு சொல்கிற நேரத்துக்குத் தக்கபடி ஈசுவரன் கோயில் பூசை நேரங்களை மாற்றி வைத்தார்கள், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. மோதினார் தொண்டை கட்டினால் பூசைக்குச் சங்கு கரகரக்கும் என்பதால் செட்டித் தெருப் பெண்கள் முறைவைத்துப் பனங்கற்கண்டும் மிளகும் போட்ட பால் அனுப்பினார்கள். மரைக்காயர் தெரு மணிக்குப் புதுத் தேங்காய்நார்க் கயிறு திரித்துக் கொடுத்தது. சங்கு குளிக்கப் போகிற பரதவர்கள் கிடைத்ததில் நல்லதைப் பொறுக்கிப் பண்டாரத்துக்கென்று ஒதுக்கினார்கள். பரதவர் தெருவில் யாராவது இறந்தால் துக்கமணிக்குப் பண்டாரத்தைத்தான் கூப்பிட வேண்டும். அவர் ஈசுவரனை நினைத்து ஒவ்வொரு மூச்சாக விட்டுவிட்டு ஊதுவார், மணல்மேட்டில் மணி ஒவ்வொன்றாக விழும். ஒரு தடவை பண்டாரத்தின் அண்ணன் காலமாகி அவருக்குத் தீட்டாகிவிட, சங்கு ஊத ஆளில்லாமல் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மணியில்லாமல் போய், சாமியார் பாதிக் கோயிலுக்குப் பிரசங்கம் வைத்தார். உடனே பரதவர்களே வள்ளத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய் இன்னொரு பண்டாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த மனுஷன் வாழ்நாளில் கடலில் கால் வைத்ததில்லை, வழியெல்லாம் வாந்தி.

இதில் ஒரு விதி இருப்பது தொம்மையின் மரியாதையால் தெரியவந்தது. தன் கையால் பாங்கு போகிறதே, கொஞ்சம் பணிவு காட்டுவோம் என்று ஒருநாள் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, அரையும் குறையுமாகக் கேட்டுவைத்திருந்த பிஸ்மில்லாவைச் சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தார். மினாராவில் சத்தமே இல்லை. சீனி அகமது மூச்சிரைக்கக் கழிப் பாலத்தைத் தாண்டி ஓடிவந்து, "வேய் தொம்மை, எனக்கு மரியாதை பண்றேன்னு என் வாயை அடைச்சிட்டீரே! உம்ம பாட்டை நீர் பாரும்வே!" என்று சத்தம் போட, தொம்மை நெற்றியில் சிலுவை போட்டு, மாதாவே தாயே என்று இழுத்தார், பாங்கு ஊரைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. அவருடைய மருமகன் விளையாட்டுக்கு ஒருதரம் இழுத்துப் பார்த்தான், அதற்கும் ஒன்றும் வரவில்லை. மனசில் ஒன்றுமில்லாமல் இழுத்தாலும் வராது, அடுத்தவர் சாமியை இரவல் வாங்கி இழுத்தாலும் வராது, அவரவர் சொந்தத்தை நினைத்துச் செய்தால் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான் விஷயம்.

ஐலிக்குத்தான் இது பெரும் பாடாகிவிட்டது. சில நாள் தங்க வந்தவள் வருஷம் ஒன்றாகியும் கிளம்ப முடியாமல் சுவரில் இருந்த வரைபடத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். பாங்கைப் பச்சையில் எழுதுவதா, நீலத்தில் எழுதுவதா? துக்கமணி எந்த அத்தியாயத்தில் வரும்? எழுதி எழுதிக் கிழித்தாள். கடைசியில் அடுத்த வாரம் தூத்துக்குடியில் கப்பல் ஏறிவிடுவது, போய் எப்படியாவது எழுதிக்கொள்வது என்று முடிவு செய்து பெட்டியைக் கட்டினாள். நான் பார்க்க வந்தவள், பார்த்தாயிற்று, கிளம்ப வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லும்போது வாய் கசந்தது.

இப்போது கடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஓங்கல்பட்டினத்துத் துறைவாசலில் கண்ணுக்குத் தெரியாத பார் ஒன்று உண்டு. தண்ணீருக்கடியில் நீட்டிப் படுத்த கல் அது, எத்தனையோ வள்ளங்களைத் தின்றிருக்கிறது. நடுவில் ஒரு தோணி நுழைகிற அகலத்துக்கு மட்டும் வழி. மப்பும் மழையுமாக இருக்கிற பொழுதில் தண்டல்கள் காதால்தான் அந்த வழியைப் பிடிப்பார்கள். பொழுது சாயும் நேரத்தில் மூன்று சத்தமும் ஒன்றாக எழும்: பாங்கு இடது காதில், சங்கு வலது காதில், மணி நெற்றிக்கு நேராக வரும்படி தோணியின் மூக்கைத் திருப்பிக்கொண்டு நேரே ஓட்டினால் உள்ளே வந்துவிடலாம். சத்தத்தை எழுப்புகிற கைதான் மாறியதே தவிர சத்தம் பழைய இடத்திலிருந்தே வந்ததால், கடலில் இருந்தவர்களுக்குப் புயலுக்குப் பிறகும் வழி மாறவில்லை.

மறு ஐப்பசி அடைமழையில், ஐலி பெட்டி கட்டி வைத்த மறுநாள், மீராக்கண்ணுவின் தோணி அந்தப் பருவத்தின் கடைசிப் பயணம் முடித்துக் கொழும்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. மரைக்காயர் தெரு ஆட்கள், பரதவர் தெரு ஆட்கள், கொழும்புக் கடைகளிலிருந்து தீபாவளிக்கு ஊர் வருகிற செட்டித் தெருப் பையன்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். மத்தியானம் பாய் தெரிந்தது என்று சிலர் சொன்னார்கள், அதற்குப் பிறகு மழை திரைபோட்டு மறைத்துவிட்டது. காற்று தோணியை நேரே பாரை நோக்கித் தள்ளுகிற காற்று. கரையில் தீ மூட்டினார்கள், மழை அணைத்தது. பறை அடித்தார்கள், காற்று அந்தச் சத்தத்தைத் தெருவுக்குள்ளேயே திருப்பி அனுப்பியது. பரவாயில்லை, பொழுது சாயட்டும், மூன்று சத்தமும் எழும், மீராக்கண்ணு பிடித்துக்கொள்வான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் தொம்மை ஊர்ப் பக்கத்துக் கரையில் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். மண்ணெண்ணெய் வாங்க ஊருக்குள் வந்திருந்தவர் திரும்புவதற்குள் கழி பெருகி, மரப்பாலத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. மாதா கோயில் சாமியார் வேறு ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தார். தொம்மை இரண்டு தரம் நீந்தப் பார்த்தார், இரண்டு தரமும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போக, ஆட்கள் கயிறு வீசி இழுத்துப் போட்டார்கள். கழிக்கு அந்தப் பக்கம், மணல்மேட்டில், கோயிலோடு இருந்த ஒரே ஆள் ஐலி.

பொழுது சாய்ந்தது. மினாராவில் சீனி அகமது பாங்கு சொன்னார், சங்கு முழங்கியது. கோயிலில் பண்டாரம் ஊதினார், ஐலியின் தலைக்கு மேலே மணி அசையாமல் அடித்தது. கயிற்றை இழுக்க ஆளில்லாததால் மினாராவிலிருந்து பாங்கு மட்டும் எழவில்லை. ஆபத்து வேளையில் பாங்கைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம் என்று லெப்பை சொல்ல, மோதினார் நிறுத்தாமல் சொன்னார். பண்டாரம் கன்னம் வெடிக்க ஊதினார். ஆனால் இடது காதுக்கு ஒன்றும் இல்லாவிட்டால் அந்த இரண்டும் சேர்ந்து தோணியை நேரே கல்லின் மேல்தான் கொண்டுபோய் விடும் என்று கரையில் நின்ற குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

"தாயி! துரைசானித் தாயி! மணியை இழு!" என்று கழிக்கு இந்தப் பக்கமிருந்து தொம்மை கத்தினார். சனம் முழுக்கச் சேர்ந்து கத்தியது.

ஐலி மழையில் ஓடிவந்து கேட்டாள், புரிந்துகொண்டாள், மணிக்கூண்டுக்குள் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மேலே மணி ஆடியது. மினாரா ஊமையாக நின்றது. இன்னும் பலமாக இழுத்தாள். ஒன்றும் இல்லை.

"சும்மா இழுத்தா வராது தாயி! சாமியை நினைச்சு இழு!"

"எந்தக் கடவுளை?"

"உன் சாமியை!"

வாசலில் நின்றவள் முகத்தில் மழை அறைந்தது. "எனக்குக் கடவுள் இல்லை!" என்று கத்தினாள்.  அந்தப் பக்கம் அடிப்பாவி என்று யாரோ முனகினார்கள்.

அவள் திரும்ப உள்ளே ஓடினாள். தொம்மை செய்வதைப் பார்த்திருக்கிறாளே, அதே மாதிரி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டு இழுத்தாள். கலிமாவை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள், அதைச் சொல்லி இழுத்தாள். சிவாயநம என்று இழுத்தாள். பர்மாக்காரி சொல்லிக்கொடுத்த புத்த மந்திரம்கூட ஒன்று ஞாபகம் வந்தது, அதையும் சொன்னாள். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்தது அத்தனையும் நாக்கில் வரிசையாக வந்து நின்றது, அதில் ஒன்றுகூட அவளுடையதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது அவளை. இத்தனை பேர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டவள், அவர்கள் பிள்ளைகள் கடலில் கிடக்கிறபோது கொடுக்கத் தன்னிடம் ஒன்றுமில்லையே என்று வாய்விட்டு அழுதாள்.

அப்போது சுலைஹா கழியில் இறங்கினாள். துப்பட்டி தோளில் நழுவ, இடுப்பளவுத் தண்ணீரில், பின்னாலிருந்து இரண்டு பெண்கள் பிடித்துக்கொள்ள நின்றுகொண்டு கத்தினாள்:

"ஏ ராத்தா! ஊரு சாமியெல்லாம் விட்டுடு! உனக்குன்னு ஏதாச்சும் இருக்கும்ல? ஒண்ணுமே இல்லாம ஒரு பொம்பளை தன்னந்தனியா இவ்வளவு தூரம் வரமாட்டா! அது எதுவோ, அதைப் பிடிச்சு இழு! எம் மச்சான் அங்க கிடக்காருடி!"

ஐலி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நனைந்த கயிறு கைக்குள் கனமாக, வழுவழுவென்று இருந்தது. இந்தக் கனம் எனக்குத் தெரியுமே என்று கைதான் முதலில் நினைத்தது, மனசு பிறகுதான் வந்து சேர்ந்தது. ஏரியில் நனைந்த துடுப்பின் கனம்.

அவள் ஊரில் கோயில் ஏரிக்கு அக்கரையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கிராமமே ஒரே நீளப் படகில் ஏறி, ஆணும் பெண்ணும் அடுத்தடுத்து உட்கார்ந்து துடுப்புப் போட்டுக் கோயிலுக்குப் போகும். வேலித் தகராறில் பேச்சை விட்டவர்கள், சொத்துத் தகராறில் கோர்ட்டுக்குப் போனவர்கள், ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்காதவர்கள் எல்லாரும் அதே படகில்தான். பின்தலையில் ஒரு கிழவர் நின்று அவர்கள் பாஷையில் "இழு" என்பார், அந்த ஒரு சொல்லுக்கு அத்தனை முதுகும் ஒன்றாகச் சாயும், படகு தண்ணீரை விட்டு எழும்புகிற மாதிரி இருக்கும். கரை சேர்ந்ததும் எல்லாரும் கோயிலுக்குள் போவார்கள், பத்து வயதிலிருந்தே ஐலி மட்டும் போகமாட்டாள். படகிலேயே கிடந்து அவர்கள் திரும்பி வரக் காத்திருப்பாள். அந்தக் கோயிலுக்குள் இருந்தது எதையும் அவள் நம்பியதில்லை. அந்தப் படகை நம்பினாள். இத்தனை தேசத்து மக்களைப் பற்றி எழுதியவள், தன் சனத்துக்கு ஓர் அத்தியாயம் எழுதத் தோன்றாமலே இருந்துவிட்டாள்.

செருப்பைக் கழற்றி எறிந்தாள். கல்தரையில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் இரண்டு பாதத்தையும் உதைத்துக்கொண்டு, துடுப்பைப் பிடிக்கிற மாதிரிக் கயிற்றைப் பிடித்து, தன் பாஷையில் "இழு" என்று கத்தி இழுத்தாள். முன்னால் வேலித் தகராறுக்காரரின் முதுகு, பக்கத்தில் அவரோடு பேசாத அக்காளின் முழங்கை, பின்னால் கிழவரின் குரல், எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன. இழு என்றாள், சாய்ந்தாள். இழு என்றாள், சாய்ந்தாள். மினாராவில் ஏதோ கரகரத்தது. ஜன்னி வந்தவன் முனகுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு அது நிமிர்ந்தது, நீண்டது, சீனி அகமதுவின் குரல் அடைப்பை உடைத்துக்கொண்டு மழைக்கு மேலே எழுந்து கடலுக்குள் போனது.

கரையில் சனம் போட்ட கூச்சலை அவள் கேட்கவில்லை. நிறுத்தினால் படகு நின்றுவிடும் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. உள்ளங்கைத் தோல் பிய்ந்து கயிறு சிவந்தது, அவள் இழுத்தாள். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது, அவள் இழுத்தாள். சங்கும் மணியும் பாங்கும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரம் முழுக்க, பண்டாரம் மூக்கில் ரத்தம் வடிய ஊதினார், மோதினார் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், ஒருத்தரும் ஓயவில்லை.

மீராக்கண்ணு பிற்பாடு சொன்னது இது: பாரின் நுரை கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்துவிட்டது, கலிமா சொல்லுகிறவன் கலிமா சொல்ல, மாதாவைக் கூப்பிடுகிறவன் மாதாவைக் கூப்பிட, செட்டித் தெருப் பையன்கள் ஈசுவரா என்று அலற, எல்லாவற்றுக்கும் நடுவே அவன் இடது காதில் பாங்கு விழுந்தது. சுக்கானை அப்படியே மடித்தான். கல் தோணியின் வயிற்றை உரசிக்கொண்டு போனது, திறக்கவில்லை.

தோணி துறைக்குள் வந்தபோது இருட்டியும் இருட்டாமலும் இருந்தது. ஆட்கள் தண்ணீரில் குதித்துக் குதித்துக் கரையேறினார்கள், யார் பிள்ளையை யார் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. சுலைஹா புருஷன் நெஞ்சில் இரண்டு குத்து விட்டு, இனிமே ஐப்பசியில கடலுக்குப் போவியா போவியா என்று கேட்டுவிட்டு, அவனையும் இழுத்துக்கொண்டு கழிக்கரைக்கு ஓடிவந்தாள்.

"ராத்தா! வந்துட்டாரு! ராத்தா, போதும், விடு!"

சத்தம் நின்றது. ஐலி மணிக்கூண்டு வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்க்கரையில் ஆட்களை எண்ணுகிறவள் போல ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். சுலைஹா தன் புருஷன் கையைத் தூக்கிக் காட்டினாள். ஐலி ரத்தக் கையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு பெண்களும் வெள்ளத்துக்கு இரண்டு பக்கத்தில் நின்று சத்தம் போட்டு அழுதார்கள்.

"யாரைத் தாயி நினைச்சு இழுத்த?" என்று தொம்மை கேட்டார்.

அவள் சொன்னாள். காற்றில் பாதி போய்விட்டது, மீதி பாதி வந்து சேர்ந்தது: ஏரி, நீளப் படகு, சண்டைக்காரர்கள், ஒரு சொல்லுக்குச் சாயும் முதுகுகள்.

"சரி, அதுல சாமி எங்க?"

"அவர் கரையில், கோயிலுக்குள் இருந்திருப்பார். நான் உள்ளே போனதில்லை."

தொம்மை தாடையைச் சொறிந்தார். மினாராவிலிருந்து இறங்கி வந்திருந்த சீனி அகமதுவைப் பார்த்து, எப்படிவே, உம்ம குரல் சரியா வந்துச்சா என்று கேட்டார்.

"சரியாத்தான் வந்துச்சு" என்றார் மோதினார், பேச்சு பாதி எழும்பாமல். "கொஞ்சம் ஈரமா இருந்துச்சு. ஆனா என் குரல்தான்."

தொம்மை பெருகி ஓடுகிற கழியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு அந்தப் பக்கம் கத்தினார்:

"தாயி, இன்னும் செத்த நேரத்துல ராத்திரி இஷாத் தொழுகை! தண்ணி இன்னைக்கு வடியாது! அந்தப் படகுக்காரங்களைப் போயிராம இருக்கச் சொல்லு!"

ஐலி பாவாடை ஓரத்தைக் கிழித்து இரண்டு உள்ளங்கையிலும் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.